தீவுகளுக்குப் பாய்மரப் படகில்: எந்தக் கடல், எந்தப் படகு, யாருடைய படகு

நீரோடித்துறைக் கரையில் நின்றால் வடக்கே சிறிது நடையிலேயே கேரளம் தொடங்கிவிடும். மேற்கே நேராக ஒரு கோடு இழுத்தால், இடையில் ஒரு கல்கூட இல்லாமல் சுமார் 240 கடல் மைலுக்கு அப்பால் மினிக்காய் தீவு வரும். எங்கள் ஊரும் அந்தத் தீவும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இந்தக் கடலில் என் பெரியப்பா மகன் 26 ஆண்டுகள் தூண்டில் விசைப்படகில் சுறாவும் சூரையும் பிடித்து, கொச்சி தோப்பும்படி துறைமுகத்தில் இறக்கியவர். நான் வளைகுடாவில் ஒரு படகுப் பழுதுபார்க்கும் தளத்தில் 14 ஆண்டுகள், பிறருடைய பாய்மரப் படகுகளின் டீசல் என்ஜின்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இருவரும் கரையில் இருக்கிறோம்.

வருகிற ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே மூன்று மாதம், மீன் பிடிக்க அல்ல, தீவுகளைப் பார்ப்பதற்காகவே ஒரு சிறு பாய்மரப் படகில் செல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். எந்தத் தீவுக்கூட்டத்துக்குச் செல்வது, ஒற்றை உடல் படகா இரட்டை உடல் படகா, அதைச் சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா, வேறொருவர் படகில் கைத்துணையாக ஏறுவதா என்ற மூன்று கேள்விகளை ஓராண்டாக ஒப்பிட்டுப் பார்த்து வருகிறோம். அந்த ஒப்பீட்டை, இதே எண்ணம் உள்ள மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

தொடக்கத்தில் நான் தவறான முனையைப் பிடித்தேன். தீவுகளின் பெயர்களையும் படங்களையும் அடுக்கி, எது அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லங்கோட்டில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை அண்ணனிடம் காட்டியபோது அவர் அதைப் படிக்கவே இல்லை. "மக்கா, போறதுக்கு எந்தக் காத்தும் போதும். திரும்பி வாறதுக்குள்ள காத்து எதுன்னு மொதல்ல சொல்லு" என்றார். அன்றிலிருந்து எல்லாத் தேர்வுகளையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே எடை போட்டோம். விசைப்படகுக்கு டீசல் இருக்கும் வரை எந்தத் திசையும் வழிதான். முப்பதடிப் பாய்மரப் படகுக்கு எதிர்க்காற்றில் 200 மைல் என்பது உடலையும் பாயையும் பாய்மரத்தையும் ஒருசேர உடைக்கும் தூரம்.

நவம்பர் முதல் மார்ச் வரை இந்தக் கடலில் வடகிழக்கிலிருந்து காற்று வருகிறது. கேரளக் கரையில் மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறித்துவிடுவதால், இரவில் மெல்லிய கரைக்காற்றும் பிற்பகலில் வடமேற்கிலிருந்து கடற்காற்றும்தான் கிடைக்கும். மலை தாழும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே இறங்கும் காற்று கன்னியாகுமரிக்குத் தெற்கே வலுவாக வீசும். இதே பருவத்தில் நீரோட்டமும், எங்கள் கரையின் சொல்லில் நீவாடும், இலங்கையின் தென்முனையைச் சுற்றி மேற்கு நோக்கி ஓடுகிறது. ஆகவே ஜனவரியில் காற்றும் நீவாடும் சேர்ந்து படகை மாலத்தீவுப் பக்கமாகத் தள்ளும். ஏப்ரலில் காற்று வடமேற்குக்கும் மேற்குக்கும் திரும்புகிறது. அது மெல்லியதுதான், ஆனால் வடகிழக்கு நோக்கிக் கொச்சிக்குத் திரும்பும் படகுக்குப் பக்கவாட்டிலும் பின்பக்கவாட்டிலும் கிடைக்கும் நல்ல காற்று. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவம் முழு வேகம் பெற்ற பிறகு கடல் மூடிக்கொள்ளும்; எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலமும் இருக்கிறது.

இந்த வாசலின் இரு கதவுகளும் திடீரென்று சாத்தக்கூடியவை என்பதை நாங்கள் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஓக்கிப் புயலாகிக் குமரிமுனையை ஒட்டிக் கடந்து லட்சத்தீவை நோக்கிச் சென்றது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு விலகிச் செல்ல நேரமே கிடைக்கவில்லை. தமிழ்நாடும் கேரளமுமாக நூற்றுக்கணக்கானோரை இழந்தோம். நீரோடி முதல் இரையுமன்துறை வரை எங்கள் எட்டு ஊர்களிலும் அந்த நாளைத் தனித்தனிப் பெயர்களாக நினைவில் வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. மறுபக்கத்தில், 2021 மே மாத நடுவில் டௌக்தே புயல் லட்சத்தீவுக்கு அருகிலேயே உருவானது. எனவே ஜனவரி 10க்கு முன் புறப்படுவதில்லை, ஏப்ரல் 30க்குப் பின் கடலில் இருப்பதில்லை என்று இரண்டு தேதிகளை முதலில் குறித்தோம். மற்றவை எல்லாம் இவற்றுக்குள் அடங்க வேண்டும்.

எந்தக் கடல்

அந்தமான்தான் நான் மிகவும் விரும்பிய இடம். அதைத்தான் முதலில் விலக்க நேர்ந்தது. ரிச்சி தீவுக்கூட்டத்தில் ஸ்வராஜ் தீவும் ஷஹீத் தீவும் ஒன்றுக்கொன்று சில மணி நேரத் தூரத்தில் கிடக்கின்றன. இந்தியாவில் உயிருள்ள ஒரே எரிமலையான பாரன் தீவைக் கடலிலிருந்து பார்க்கலாம். காடு நீர்விளிம்பு வரை இறங்கி நிற்கிறது. ஆனால் எங்கள் கரையிலிருந்து இலங்கையைச் சுற்றிச் சென்றால் போர்ட் பிளேருக்கு, இன்றைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, ஆயிரம் கடல் மைலுக்குக் குறையாது. வடகிழக்குப் பருவத்தில் அந்தத் தூரம் முழுவதும் காற்றும் நீவாடும் முகத்துக்கு நேரே வரும். தென்மேற்குப் பருவத்தில் போகும் வழி கிடைக்கும். ஆனால் அப்போது தீவுகளில் மழையும் அலையும். சென்னையிலிருந்து புறப்படுபவருக்கும், தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து மேற்கே வருபவருக்கும் அந்தமான் நல்ல தேர்வு. அரபிக்கடல் பக்கம் படகு வைத்திருப்பவருக்கு அது ஒருவழிப் பயணம்.

இலங்கையை அதிக நேரம் எண்ணவில்லை. பாக் நீரிணையின் தென்விளிம்பில் உள்ள ஆழமில்லாத ஆதாம் பாலத்தை, அடியில் கீல் என்ற கனத்த பகுதி துருத்தி நிற்கும் படகு கடக்க முடியாது. தெற்கே காலியும் கிழக்கே திருகோணமலையும் நல்ல துறைமுகங்கள்தான் என்றாலும், அது ஒரு பெரிய தீவு. தீவுக்குத் தீவு தாவும் பயணம் அங்கே இல்லை.

சீஷெல்ஸும் புக்கெட்டும் வேறு வகை. கொச்சியிலிருந்து சீஷெல்ஸின் மாஹே தீவுக்குச் சுமார் 1,500 கடல் மைல். சொந்தப் படகில் சென்றால் திரும்பி வருவதற்கு அடுத்த பருவக்காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். விமானத்தில் போய் அங்கேயே படகை வாடகைக்கு எடுப்பவருக்கு இவை இரண்டும் சிறந்த இடங்கள். மாஹேக்கும் பிராலினுக்கும் இடையே 45 கிலோமீட்டர்தான். கருங்கல் தீவுகள் என்பதால் தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும். புக்கெட்டை ஒட்டிய பாங் நா விரிகுடாவில் சுண்ணாம்புக்கல் குன்றுகள் காற்றை மறித்து அமைதியான நீரைத் தருகின்றன. புதிதாகப் பாய் பிடிக்கப் பழகுபவருக்கு இந்தப் புக்கெட் நீர்ப்பரப்பை நான் முதலில் பரிந்துரைப்பேன்.

ஆகச் சொந்தக் காற்றில் போய்ச் சொந்தக் காற்றில் திரும்பக்கூடியவை இரண்டே கூட்டங்கள்: லட்சத்தீவும் மாலத்தீவும்.

லட்சத்தீவில் 36 தீவுகள், அவற்றில் மக்கள் வாழ்பவை 10. கொச்சியிலிருந்து கல்பேனி 287 கிலோமீட்டர், ஆந்திரோத்து 293, கவரத்தி 404, அகத்தி 459, மினிக்காய் 398. நம் நாட்டு மண். ஐந்து அடோல், அதாவது பவள வளையத் தீவுக்கூட்டம், தாண்டினாலும் நம் ரூபாய், நம் கடலோரக் காவல்படை. மினிக்காயில் மட்டும் மாலத்தீவின் திவேஹியை ஒத்த மஹல் மொழி. மற்றத் தீவுகளில் பேசுவது மலையாளத்தின் ஒரு வழக்கு. பாறசாலைச் சந்தையில் மலையாளமும் களியக்காவிளையில் தமிழும் பேசி வளர்ந்த எங்களுக்கு அங்கே அந்நியம் இருக்காது. 1885இல் ஒளியேற்றப்பட்ட மினிக்காய்க் கலங்கரை விளக்கத்தை அண்ணன் தம் படகிலிருந்து எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறார். ஒருநாளும் அதன் அடியில் நின்றதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே லட்சத்தீவைத் தேர்ந்துவிடலாம் என்று நான் எண்ணியதுண்டு.

தடையாக நிற்பவை இரண்டு. முதலாவது, வெளியாருக்கு 1967ஆம் ஆண்டு விதிகளின்படி நுழைவு அனுமதி வேண்டும். ஊரும் தேதியும் முன்பே தீர்மானித்துக்கொண்டு கப்பலிலோ விமானத்திலோ செல்பவருக்கு இந்த முறை பொருந்தும். காற்றைப் பார்த்து ஒரு தீவில் இரண்டு நாள் கூடவோ குறையவோ தங்கும் பாய்மரப் பயணத்துக்கு இது எளிதில் இசையாது. தீவுகளின் சிறு பரப்பையும் அங்குள்ள நன்னீரின் அருமையையும் நினைத்தால் அந்தக் கட்டுப்பாடு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் எங்கள் பயணத்தின் இயல்புக்கு அது எதிரானது. இரண்டாவது, நீரின் அமைப்பு. பெரும்பாலும் தீவு பவள வளையத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கும். மேற்கே பவள வேலிக்குள் ஆழமில்லாத காயல். வடகிழக்குக் காற்றில் தீவே மறைப்பாக நிற்பதால் அந்தக் காயல் மிக அமைதியான இடம். ஆனால் உள்ளே நுழையும் வாய்க்கால் குறுகலானது. ஒன்றரை மீட்டருக்கு மேல் மூழ்கும் படகு எல்லாத் தீவுகளிலும் உள்ளே போய்விட முடியாது. வெளியே நின்றால் பவளச் சுவர் செங்குத்தாக இறங்குவதால் நங்கூரம் பிடிக்க அடி கிடைக்காது. தீவுகளுக்கு இடையிலும் தூரம் அதிகம்: கல்பேனியிலிருந்து மினிக்காய்க்கு, ஒன்பது பாகைக் கால்வாய் என்ற அகன்ற கடற்பகுதியைத் தாண்டி 110 கடல் மைல் வரை, அதாவது ஒரு பகலும் ஓர் இரவும்.

மாலத்தீவு இதற்கு நேர்மாறு. வடக்கிலிருந்து தெற்காக 870 கிலோமீட்டர் நீளத்துக்கு 26 இயற்கை அடோல்கள், 1,190 அளவில் தீவுகள். அடோல் என்ற உலகச் சொல்லே திவேஹி மொழியிலிருந்து வந்ததுதான். வடகோடியில் ஹா அலிஃப் அடோலின் உலிகன் தீவில் வெளிநாட்டுப் படகுகள் நுழைவுப் பதிவு செய்துகொள்ளலாம். அது மினிக்காயிலிருந்து எட்டுப் பாகைக் கால்வாயைத் தாண்டிச் சுமார் 70 கடல் மைல். கொச்சியிலிருந்து நேராகச் சென்றால் ஏறக்குறைய 260. இந்தியருக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. படகுக்குத்தான் உள்நாட்டில் சுற்றுவதற்கான அனுமதித்தாள் வேண்டும், அதற்கு அங்குள்ள முகவர் ஒருவர் வேண்டும். கொச்சியில் புறப்படுவதற்கு முன் துறைமுகம், சுங்கம், குடிவரவு மூன்றின் முத்திரையும் வேண்டும். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு மாதக்கணக்கில் அயல்நாட்டில் காத்துக் கிடந்தவர்களின் கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. ஆகவே இந்தத் தாள்களில் அண்ணன் காட்டும் கண்டிப்பு எனக்கு மிகையாகத் தோன்றவில்லை. உள்ளே நுழைந்த பிறகு இரவுப் பயணமே தேவைப்படாது. காலை பத்து மணிக்குப் பாய் ஏற்றினால் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு அடுத்த தீவின் மறைப்பில் நங்கூரம் போடலாம்.

மாலத்தீவின் குறை அந்த நங்கூரத்தில்தான் இருக்கிறது. அடோலுக்குள் நீர் பல இடங்களில் 20 முதல் 30 மீட்டர் ஆழம்; எங்கள் அளவில் பதினொன்று முதல் பதினாறு பாகம். இடையிடையே பவளக் குன்றுகள் அடியிலிருந்து எழுந்து நீர்மட்டத்துக்குக் கைமுழத் தூரத்தில் நிற்கும். சங்கிலி அவற்றில் சுற்றிக்கொண்டால் காலையில் எடுக்க ஒருவர் மூழ்க வேண்டியிருக்கும், பவளமும் உடையும். மணல் திட்டு கண்ணில் படாமல் நங்கூரத்தை விடுவதில்லை என்பதை விதியாகவே வைத்திருக்கிறோம். அடுத்தது, அடோல்களுக்கு இடையிலும் வளையத்தின் வாய்களிலும் பாயும் நீவாடு. கண்டு என்று அவர்கள் அழைக்கும் இந்தக் கால்வாய்களில் நீர் ஆறுபோல் ஓடும்; ஐந்து கடல் மைல் வேகத்தில் செல்லும் சிறு படகுக்கு, அதில் பாதி வேகத்தில் எதிரே வரும் நீர் ஒரு முழுப் பகலைத் தின்றுவிடும். பிரிட்டிஷ் கடல் அளவையாளர் ராபர்ட் மோர்ஸ்பி 1834 முதல் 1836 வரை அளந்து வரைந்த கடல்வரைபடங்கள் நூறு ஆண்டுக்கும் மேலாக இங்கே பயன்பட்டன என்பதிலிருந்தே, இந்தப் பவளக் காட்டை அளப்பது எவ்வளவு கடினமான வேலை என்பது தெரியும். அவர்கள் நீரடிப் பாறையை ஃபரு என்கிறார்கள். நாங்கள் பாரு என்கிறோம். இந்த ஒலி நெருக்கம் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இந்த நீரில் இறுதியாக நம்ப வேண்டியது கண்ணைத்தான். சூரியன் முகத்துக்கு எதிரே இருந்தால் கடல் வெறும் வெள்ளித் தகடு. காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையே, சூரியன் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருக்கையில், ஒளியை வடிகட்டும் கண்ணாடியை அணிந்துகொண்டு படகின் முன்முனையான அணியத்தில் நின்றால் நிறங்கள் பிரியும்: கருநீலம் ஆழம், வெளிறிய பச்சை மணல், தேன் நிறமும் பழுப்பும் பவளம். பழுப்பின் ஓரத்தில் வெள்ளைக் கோடு அசைந்தால் அங்கே முழங்கால் அளவு நீர்தான். அண்ணன் தூண்டில் போடுவதற்காக இந்த நிற வேறுபாட்டை இளவயதிலேயே படித்தவர். அந்தப் படிப்பு எந்தக் கருவியோடும் விலைக்கு வராது.

எந்தப் படகு

வாடகைச் சந்தையில் இன்று பெரும்பாலோர் விரும்புவது இரட்டை உடல் கேட்டமரன். அந்தப் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் பொருள் வேறு. எங்கள் கரையின் கட்டுமரம் மிதக்கும் மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது, அலை அதன் மேலும் இடையிலும் புகுந்து வெளியேறும், அதை மூழ்கடிக்கவே முடியாது, கவிழ்ந்தால் இருவர் சேர்ந்து நிமிர்த்திவிடலாம். இன்றைய கேட்டமரன் இரண்டு மூடிய உடல்களுக்கு நடுவே ஒரு வீட்டைத் தூக்கி வைத்த அமைப்பு. பெயர் உறவை நம்பி அதே குணங்களை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அதன் நன்மைகள் உண்மையானவை. ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழமே மூழ்குவதால் லட்சத்தீவுக் காயல்களுக்குள்ளும் மாலத்தீவின் மணல் திட்டுகளுக்கு மேலும் செல்லலாம். சாயாது, குழம்புச் சட்டி அடுப்பில் நிற்கும், வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாம். எட்டு நாள் நான் சீஷெல்ஸில் ஒரு கேட்டமரனில் வேலைக்காகச் சென்றபோது, அதில் வந்திருந்த எழுபது வயது அம்மா ஒருவர் முதல் நாளிலிருந்தே நன்றாகத் தூங்கினார். குறைகளும் அதே அளவு உண்மையானவை: நிறுத்துமிட வாடகை அகலத்துக்கு ஏற்பக் கூடும், என்ஜின் இரண்டு, அதிகச் சுமை ஏற்றினால் வேகம் செத்துவிடும், எதிர்க்காற்றில் இரு உடல்களுக்கு நடுத்தளத்தின் அடியில் அலை அறையும் ஒலி இரவெல்லாம் கேட்கும். குடும்பத்தோடு ஒரு வாரம் என்றால் நான் தயங்காமல் கேட்டமரனைச் சொல்வேன். இருவர் மூன்று மாதம் என்றால் சொல்லமாட்டேன்.

காரணம் பணம் மட்டும் அன்று. ஒற்றை உடல் படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அடியில் துருத்தி நிற்கும் கீலில் ஈயமாகவோ இரும்பாகவோ இருக்கும். அலை அதைக் கவிழ்த்தாலும் அந்தக் கனம் மீண்டும் நிமிர்த்தும்; கேட்டமரன் கவிழ்ந்தால் மிதக்கும், ஆனால் கவிழ்ந்தபடியே மிதக்கும். 2018 செப்டம்பரில் கேரளத்தவரான அபிலாஷ் டோமி தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கியபோது அவருடைய துரியா முழுவதுமாகப் புரண்டு பாய்மரத்தை இழந்தது. ஆனாலும் நிமிர்ந்து மிதந்தது, முதுகில் காயத்தோடு அவர் மீட்புக் கப்பல் வரும் வரை அதற்குள்தான் படுத்திருந்தார். துரியா 32 அடிப் படகு. 1968-69இல் முதன்முதலாகத் தனியாளாய் நிற்காமல் உலகைச் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஓட்டிய, பம்பாயில் கட்டப்பட்ட சுஹைலியின் மாதிரியில் அமைந்தது. நாங்கள் போகும் கடல் அந்தத் தென்கடல் அல்ல. ஆயினும் ஓக்கியைக் கண்ட கரைக்கு இந்த ஒரு குணம் மற்ற வசதிகள் அனைத்தையும்விடக் கனமானது.

நீளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இருவருக்கு 30 முதல் 34 அடி போதும். 2024 அக்டோபர் முதல் 2025 மே வரை புதுச்சேரியின் ரூபாவும் கோழிக்கோட்டின் தில்னாவும் 56 அடித் தாரிணியை இருவராகவே ஓட்டி உலகைச் சுற்றி வந்தார்கள். இருவரால் முடியாது என்பதற்கு இனி இடமில்லை. ஆனால் அவர்கள் கடற்படையின் பயிற்சி பெற்றவர்கள். எங்களுக்குக் கையால் இழுத்து இறக்கக்கூடிய பாயே ஏற்றது.

யாருடைய படகு

வாடகையின் பெரும் நன்மை, பழுது உங்களுடையது அன்று என்பது. சீஷெல்ஸில் நடுத்தரக் கேட்டமரன் ஒன்றுக்கு எங்களிடம் சொன்ன விலை வாரத்துக்கு நான்கு லட்சத்தை ஒட்டியது. விமானக் கட்டணம் தனி. ஆறு பேர் பகிர்ந்தால் தாங்கக்கூடிய தொகை, இருவருக்கு அல்ல. மாலுமி இல்லாமல் படகைக் கையில் கொடுப்பதற்கு அவர்கள் படகோட்டும் சான்றும் முன் அனுபவப் பட்டியலும் கேட்பார்கள். அண்ணனின் 26 ஆண்டுகளுக்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை என்பது எனக்கு உண்மையில் வலித்தது. ஆனாலும் பாய் என்பது தனிக் கல்வி. ஒரு சான்றுப் பயிற்சி எங்கள் இருவருக்கும் தேவைதான் என்பதை அவரே முதலில் ஒப்புக்கொண்டார்.

பிறர் படகில் கைத்துணையாகச் செல்வது மிக மலிவான பள்ளிக்கூடம். உணவுச் செலவைப் பகிர்ந்து, இரவுக் காவல் நின்று, பாய் குறைப்பது முதல் பாத்திரம் கழுவுவது வரை செய்ய வேண்டும். எங்கே போவது, எப்போது திரும்புவது என்பது அவர் கையில். சொந்தமாக வாங்க நினைப்பவர் எவரும் இதை ஒருமுறையாவது செய்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சொந்தப் படகு வாங்கலாம் என்று சென்ற பிப்ரவரியில் கேரளக் கரையில் ஒரு துறையில் 31 அடிப் படகு ஒன்றைப் பார்க்கச் சென்றோம். 16 லட்சம் கேட்டார்கள். வெள்ளைப் பூச்சு பளபளத்தது, மெத்தை புதிது. நான் என்ஜினைப் பார்ப்பதற்கு முன் உள்ளே சுவர்ப் பலகையைக் கழற்றி, பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களை உடலோடு பிணைக்கும் எஃகுப் பட்டைகளில் கை வைத்தேன். மேல்தளத்துக்குள் பட்டை நுழையும் இடத்திலிருந்து தேநீர் நிறத்தில் ஒரு கறை விரல் அகலத்துக்கு வழிந்து காய்ந்திருந்தது. துருப்பிடிக்கா எஃகு என்று பெயர். காற்றுப் படாத இடத்தில் உப்பு ஈரம் தங்கினால் அதுவும் உள்ளுக்குள் வெடிப்பு விடும், வெளியே தெரியும் பகுதி கண்ணாடிபோல் மின்னிக்கொண்டே இருக்கும். சிறு பிளாஸ்டிக் சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போனேன்; கணீரென்று வந்த ஒலி அந்தப் பட்டையைச் சுற்றி மட்டும் ஈர அட்டையைத் தட்டியதுபோல் மங்கியது. உள்ளே பலகை ஊறியிருந்தது. விற்பவர் "வடமெல்லாம் போன வருஷம் மாத்தினதாக்கும்" என்றார். வடத்தைத் தாங்கும் பட்டையைக் கழற்றாமல் வடத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கரைக்கு இறங்கிவிட்டார். அதே துறையில் நின்ற இன்னொரு படகு, 32 அடி, மெத்தை கிழிந்தது, பாய் நைந்தது, ஆனால் பட்டைகள் வறண்டிருந்தன, என்ஜின் எண்ணெயில் உலோகத் துகள் இல்லை, கீலை இணைக்கும் போல்ட்டுகளைச் சுற்றித் துரு வழியவில்லை. மெத்தையும் பாயும் பணத்தால் வருபவை. ஆண்டுப் பராமரிப்புக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்பது படகு வைத்திருப்பவர்களிடையே உள்ள பழைய கணக்கு. பழைய படகுக்கு முதலாண்டில் அது மூன்றில் ஒரு பங்காகும் என்று நான் போட்டு வைத்திருக்கிறேன்.

சொந்தமாகச் செல்வதானால் இன்னும் சிலவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். கொச்சி முதல் உலிகன் வரை ஐந்து கடல் மைல் வேகத்தில் 52 மணி நேரம். காற்றே இல்லாவிட்டால் மணிக்கு இரண்டரை லிட்டர் கணக்கில் 130 லிட்டர் டீசல். எட்டுப் பாகை, ஒன்பது பாகைக் கால்வாய்கள் பெருங்கப்பல்களின் நெடுஞ்சாலை. அடிவானத்தில் விளக்குத் தெரிந்த கப்பல் அரை மணிக்குள் தலைக்கு மேல் நிற்கும், ஆகவே இரவில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நாற்புறமும் பார்க்க வேண்டும், நம் இருப்பைக் கப்பலின் திரையில் காட்டும் ஏஐஎஸ் கருவி கட்டாயம். வெளிநாட்டுப் படகை வாங்குபவர் அதில் துராயா, இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறதா என்று முதலிலேயே பார்க்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதியின்றி அவற்றை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். 406 மெகாஹெர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவியை முறையாகப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணைப் படகில் அல்ல, வீட்டுச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். நாம் பேசாமல் போகும் நாளில் அழைக்கப் போகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இவற்றை எல்லாம் வைத்து நாங்கள் எடுத்த முடிவு இது. இந்த அக்டோபருக்குள் இருவரும் பாய்மரப் பயிற்சியை முடிப்பது. நவம்பரில் புக்கெட்டில் ஒரு வாரம், மாலுமியோடு கூடிய ஒற்றை உடல் வாடகைப் படகில் பழகுவது. அங்கே இருவரில் ஒருவருக்கு மனம் ஒப்பாவிட்டாலும் வாங்குவதில்லை. ஒப்பினால் அந்தக் கிழிந்த மெத்தைப் படகை வாங்கி, கொச்சியில் வைத்து, ஜனவரி நடுவில் உலிகனுக்குப் புறப்பட்டு, வடக்கு அடோல்களிலேயே இருந்து, மாலேயைத் தாண்டித் தெற்கே செல்லாமல், ஏப்ரல் 10 அளவில் மேற்குக் காற்று தொடங்கியதும் திரும்புவது. தெற்கே ஒவ்வொரு பாகை இறங்கும்போதும் திரும்பும் வழி 60 கடல் மைல் நீள்கிறது என்பதால் மாலேயை எல்லையாக வைத்தோம். மினிக்காய்க்கான அனுமதியைத் தனியே கேட்டு, கப்பலில் பயணியாக மே மாதத்துக்குள் அண்ணனை அந்தக் கலங்கரை விளக்கத்தின் அடிக்கு அழைத்துப் போவேன்.

நங்கூரச் சங்கிலியில் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. 25 மீட்டர் ஆழத்துக்கு நான்கு மடங்கு விட்டால் நூறு மீட்டர் வேண்டும். எட்டு மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு 1.4 கிலோ, நூறு மீட்டருக்கு 140 கிலோ. 32 அடிப் படகின் அணியத்தில் அவ்வளவு கனம் இருந்தால் அது அலையில் ஏறாமல் மூக்கைக் குத்தும் என்கிறேன் நான். அறுபது மீட்டர் சங்கிலியும் மிச்சத்துக்கு நைலான் கயிறும் போதும் என்பது என் கணக்கு. கயிற்றைப் பவளம் ஓரிரவில் அறுத்துவிடும், கனத்தைச் சகித்துக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். அடுத்த வாரம் தோப்பும்படியில் சங்கிலி விற்கும் கடைக்கு இருவரும் போகிறோம்.